மறுகை

பால் உறையவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொக்கிரகுளத்தில் எந்த வீட்டிலும் தயிர் சீக்கிரம் உறையாது. ஆற்றிலிருந்து ஏறி வரும் ஈரம் சுவரில் கசிந்து, கதவை உப்ப வைத்து, அரிசிப் பானைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சுடலைவடிவு இன்னொரு கரண்டி உறைமோர் விட்டு, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து திறந்தபோதும் பால் பாலாகவே இருந்தது. விட்ட மோர் அடியில் வெள்ளை நூலாகக் கிடந்தது. முகர்ந்து பார்த்தாள். புளிப்பு இல்லை. கெட்ட வாடையும் இல்லை. காய்ச்சிய பாலுக்கு உள்ள வாசம்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடியை முகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கொட்ட மனம் வராமல் மூடி வைத்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தப் பால் திரியவில்லை.

அதே வாரம் ஆட்டி வைத்த தோசை மாவும் பொங்கவில்லை. இரவெல்லாம் வைத்தும் விட்ட மட்டத்திலேயே நின்றது. அவள் கணவன் பெருமாள்ராஜ் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். விடிந்ததும் மழையில் கம்பம் பார்க்கப் போகிறவன். அவனுக்கு அதில் ஒன்றும் குறையாகப் படவில்லை.

“புளிக்கலன்னா என்ன, ஊத்து. பிள்ளைக்குப் புளிப்பு ஆகாதுல்லா.”

உண்மைதான். அவர்களுடைய மகள் கோமுவுக்கு ஐந்து வயது. ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அன்றைக்கு அவள் தோசைக்கு மேல் தோசை கேட்டு வாங்கித் தின்றாள். தொட்டுக்கொள்ள எதுவும் கேட்கவில்லை. இனிக்குதும்மா என்றாள். வடிவு ஒரு விள்ளலை வாயில் போட்டுப் பார்த்தாள். இனித்தது. சீனி போட்ட இனிப்பு இல்லை, மாவுக்குள்ளிருந்தே லேசாக, நாக்கின் நுனியில் நின்று போகாமல் இனித்தது.

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். வடிவால் முடியவில்லை. அவளுடைய வேலை அப்படி. ஊருக்கு வெளியே ஆற்றை ஒட்டியிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உயிர்க்கரிம வேதியியல் பிரிவில் இருந்தாள். முக்கூடலில் பீடி சுற்றி அவளைப் படிக்க வைத்த அம்மை, சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, ஊசி குத்திக் குத்தி வயிற்றில் குத்த இடமில்லாமல் போய்ச் செத்தாள். ஊசிக்குப் பதிலாக வாயில் போட்டு விழுங்குகிற மருந்து ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது வடிவின் பிடிவாதம். ஆனால் புரதத்தால் ஆன மருந்தைச் சோறு என்று நினைத்து வயிறு செரித்துவிடும். அங்கேதான் எல்லாரும் தோற்றுப்போனார்கள்.

அதற்கு ஒரு வழி இருந்தது. மனிதனுக்கு வலக்கை இடக்கை இருப்பதைப்போல மூலக்கூறுகளுக்கும் உண்டு. உலகத்தில் உயிரோடு இருக்கிற எல்லாமே, புல்லும் மாடும் மனிதனும், ஒரே கையால் செய்யப்பட்டவை. மறுகை என்பது கண்ணாடியில் தெரிகிற கை. அதே அளவு, அதே அணுக்கள். ஆனால் பொருந்தாது, இடக்கால் செருப்பை வலக்காலில் மாட்டியதைப்போல. வயிற்றுக்கு அதைச் செரிக்கத் தெரியாது, கிருமிக்கு அதைத் தின்னத் தெரியாது. அந்த மறுகையில் வடிவு ஒரு சின்னப் புரதச் சங்கிலியைக் கட்டினாள். அது யாரும் கேட்காத ஒரு காரியத்தையும் செய்தது. கண்ணாடிக் குழாய்க்குள் தன் பக்கத்தில் இருந்தவற்றைப் பிடித்துத் தன்னைப்போலவே திருப்பியது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகியது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உடலுக்குள் போனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவன் இர்ஷாத். காயல்பட்டினத்துக்காரன், அவளைவிட வயதில் இளையவன். சோதனைக் குழாயைத் தொடாமலே, ரத்தத்தையும் ஈரலையும் குடலையும் கணினிக்குள் சமன்பாடுகளாக ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. திரையில் அவன் காட்டிய கோடு கொஞ்சம் ஏறி, வளைந்து, இறங்கி, தரையோடு படுத்துவிட்டது. தானாக அடங்கிவிடும் என்றான். இருந்தாலும் அவள் தொட்ட ஒவ்வொரு குழாயையும் அமிலத்தில் ஊற வைத்துத்தான் கழுவினாள். எதுவும் வெளியே போக வழியில்லை. பால் உறையாத அந்த வாரம் முழுவதும் இதையே தனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

ஊர் சந்தோஷமாக இருந்தது.

தெருமுனைக் குப்பைத் தொட்டி நாறவில்லை. மழைக்காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்ட வேண்டிய சாக்கடை, கழுவிவிட்ட சிமெண்ட் தரைபோல ஈரமாகக் கிடந்தது. மாநகராட்சி இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்றார்கள். ரதவீதிப் பக்கம் அல்வாத் தட்டுகளின் மேல் ஈ இல்லை. இந்த வருடம் கொசுவும் இல்லை என்று கிரேஸ் வந்து சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் குறை சொல்லாமல் ஆரம்பிக்காதவள். அவளே சிரித்தாள். எல்லா வீட்டிலும் சமையல் ருசியாக இருந்தது. கடைகளில் கூட்டம் நெரிந்தது. சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள் கொஞ்ச தூரம் நடந்து, யோசித்து, திரும்பிவந்து மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

எறும்புகள்தான் வடிவுக்கு முதலில் சொல்லின. சமையலறை மூலையில் சீனி கொட்டிக் கிடந்தது. சுவரோரமாக வந்த எறும்பு வரிசை அதன் விளிம்புவரை வந்தது. முன்னால் வந்தவை கொம்பை நீட்டித் தொட்டுப் பார்த்தன. பிறகு வரிசை மொத்தமும் அந்த வெள்ளைத் திட்டைச் சுற்றி வளைந்து, அதில் ஒரு மணியைக்கூட எடுக்காமல், கல்லைக் கடந்து போவதைப்போலக் கடந்து போனது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு சத்தமே இல்லை. தவளை இல்லை. ஈயின் ரீங்காரம் இல்லை. அடுப்படிப் பல்லி எப்போது கடைசியாகச் சப்புக்கொட்டியது என்று நினைவில்லை.

அன்றைக்குத்தான் புதினாவை ஆய்ந்தாள். காம்பை ஒடித்ததும் கையிலிருந்து எழுந்த வாசம் புதினா வாசம் இல்லை. சதகுப்பை. பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சதகுப்பையின் கனத்த வாசம். கோமு பிறந்தபோது நாற்பது நாளும் அந்த அறையில் நிறைந்திருந்த வாசம். அவள் இலையைக் கசக்கினாள். இன்னும் கனத்தது. எலுமிச்சை ஒன்றை எடுத்து நகத்தால் தோலைக் கீறினாள். பெயிண்டர்கள் தூரிகை கழுவுகிற டர்பன்டைன் நெடி மூக்கில் ஏறியது.

புதினாவுக்கும் சதகுப்பைக்கும் வாசம் தருவது ஒரே மூலக்கூறுதான். முதல் வருட மாணவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு கையில் இருந்தால் புதினா, மறுகையில் இருந்தால் சதகுப்பை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவருக்கும் சொல்லாமல் நிலையத்துக்குப் போனாள். காவலாளி வாசலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தின்று முடித்த பொட்டலங்கள் சிதறிக் கிடந்தன. அவர் தலை நிமிரவில்லை. மேகம் இருண்டு, பகலிலேயே நீளமான அந்த வராந்தா கடைசிவரை தெரியாமல் கிடந்தது. ஆய்வகத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் இருந்தது.

ஒளியைச் சீனிக் கரைசலுக்குள் செலுத்தினால் அது ஒரு பக்கமாகத் திரும்பும். கல்லூரிப் பிள்ளைகள்கூடச் செய்கிற சோதனை. திறக்காத பாட்டிலில் இருந்த சுத்தமான சீனியைக் கரைத்துக் கருவியில் வைத்தாள். ஒளி வலப்பக்கம் திரும்பியது. அது அப்படித்தான் திரும்ப வேண்டும். பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன சீனி. ஒளி இடப்பக்கம் திரும்பியது. அதே அளவு. ஒரு இழை கூடவில்லை, குறையவில்லை. வருகிற வழியில் கடையில் வாங்கிய சீனியை வைத்தாள். இடப்பக்கம். குழாயைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் பார்த்தாள். இடப்பக்கம்.

கருவி பழுதாக இருக்கலாம். அந்த நினைப்பு அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. முதலில் வைத்த சுத்தமான கரைசலையே திரும்ப எடுத்து உள்ளே வைத்தாள். வலப்பக்கம்தான், ஆனால் முன்பிருந்த அளவுக்கு இல்லை. கண்ணை வில்லையில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெளிச்ச வட்டத்தின் ஒரு பாதி மெல்ல மங்கியது. அவள் எதையும் தொடவில்லை. மங்கல் நகர்ந்தது. கடிகார முள்ளைப்போலக் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் நிற்காமல், நடுக்கோட்டை நோக்கி வந்தது. அவள் கரண்டியால் எடுத்த சீனி. அவள் மூச்சு பட்ட சீனி.

கோட்டைத் தாண்டியது. இனி இடப்பக்கம்.

இர்ஷாத் மறுநாள் காலை வந்தபோது அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுடைய உம்மா ஆசியா உம்மாள் முந்தின நாள் தொலைபேசியில் சொன்னதை அவன்தான் முதலில் சொன்னான். வாங்கின மீன் நாறவில்லையாம். புன்னக்காயலில் வலையோடு கரையில் போட்ட மீன் கிடந்த இடத்திலேயே கிடக்கிறதாம், காக்காய் இறங்கவில்லையாம். உம்மா அதைப் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று சொன்னாளாம். சொல்லும்போது அவன் உதடுகள் வெளுத்திருந்தன. அவன் சட்டை தோளில் தொங்கியது. போன மாதம் அது அவனுக்கு இறுக்கமாக இருந்த சட்டை.

அவன் கணினி முன்னால் உட்கார்ந்தான். முன்பு போட்ட கணக்கில் சங்கிலி ஒரு உடலுக்குள் அடைபட்டிருந்தது. அங்கே தின்ன இருந்தது தீர்ந்ததும் அடங்கிவிட்டது. இப்போது அந்த உடலை எடுத்துவிட்டு ஆற்றை வைத்தான். பாபநாசத்து மலையிலிருந்து கடல்வரை, வாய்க்கால், குளம், வயல், வீடு, மனிதன். திரையில் வரைபடம் கறுப்பாக விரிந்தது. ஒரு புள்ளி சிவந்தது. பிறகு ஆறு நரம்பைப்போலச் சிவந்தது. பிறகு நரம்பைச் சுற்றிய சதை.

“இது எப்ப நிக்கும், இர்ஷாத்?”

அவன் திரையில் பரவுகிற சிவப்பின் ஓரத்தை விரலால் தொட்டான்.

“நிக்காதுக்கா. திருப்பறதுக்கு என்னமும் இருக்க வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்.”

எங்கே ஆரம்பித்தது என்று அவள் கேட்டாள். அவன் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தான். சிவப்பு சுருங்கிச் சுருங்கி ஆற்றங்கரையில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நிற்கும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அங்கே வந்தது. நிற்காமல், அவள் சங்கிலியைக் கட்டிய நாளையும் தாண்டிப் பின்னோக்கிப் போய்க் கணக்குக்குள் அகப்படாமல் மறைந்தது. அவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னான். பையை எடுக்கவில்லை. வாசலில் நின்று, நீங்க பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கனயாவது போயிருங்கக்கா என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவனுடைய தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். வயதான ஒரு குரல் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே எதையோ மென்றுகொண்டிருந்தது.

வீட்டில் பெருமாள்ராஜ் தின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். கம்பத்தில் ஏறும்போது கை நடுங்குகிறதாம். காலையில் தின்றது செரிக்காமல் கல்லாக வயிற்றில் கிடக்க, அதன்மேல் மறுபடியும் சோற்றைப் பிசைந்தான். நெஞ்செலும்பு தெரிந்தது. கண்கள் குழிக்குள் போய்விட்டன. ஆனால் முகத்தில் ஒரு திருப்தி. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

“இவ்வளவு ருசியா நீ ஒருநாளும் ஆக்கினது இல்ல, வடிவு.”

அந்தச் சோற்றில் ஒன்றுமில்லை என்று அவள் அவனுக்குச் சொன்னாள். கைத்தன்மை, சங்கிலி, ஒளி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு, பசிக்குதே என்றான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வராந்தாவெல்லாம் பாய் விரித்திருந்தார்கள். மருந்து நெடி மட்டும்தான் அங்கே இருந்தது. இத்தனை பேர் படுத்திருக்கிற இடத்தின் வியர்வை வாடையோ மலவாடையோ இல்லை. இளம் டாக்டர் ஒருத்தி பெருமாள்ராஜின் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இவ்வளவு சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் சர்க்கரையே இல்லையே என்றாள். வெளியூரிலிருந்து வந்த குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்குவதற்குள் அவன் கன்னத்தில் நிறம் வந்தது. கோமு எங்கே என்று கேட்டான். வடிவு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினாள். அடுத்த பாட்டிலுக்கு நிறம் வரவில்லை. ஏறிய சர்க்கரையை அவன் ரத்தம் அங்கேயே, நரம்புக்குள்ளேயே, திருப்பிக்கொண்டிருந்தது.

அவன் ஒரு விடிகாலையில் போனான். வாயில் ஒரு கவளம் இருந்தது. கிரேஸின் வீட்டுக்காரர்தான் வந்து அவன் கண்ணிமைகளை இழுத்து மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்தார். கோமு கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை. கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக ஆள் சேரவில்லை. சேர்ந்த நாலு பேரும் வழியெல்லாம் இறக்கி இறக்கி வைத்தார்கள். பாலத்தின்கீழ் ஆறு நிறையப் போனது. கரையோரம் மீன்கள் வெள்ளி வெள்ளியாக ஒதுங்கிக் கிடந்தன. ஒரு நாய் செத்துக் கிடந்தது, உப்பாமல், ஈ மொய்க்காமல், வெயிலுக்குத் தூங்குவதைப்போல. எத்தனையோ நாளாக அது அங்கே அப்படிக் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

இனி கோமு மட்டும்தான்.

மதுரையிலிருந்து வந்த லாரியில் சீல் வைத்த பால்மாவும் பிஸ்கட்டும் கிடைத்தன. வடிவு கையுறை போட்டு, மூச்சை அடக்கி, கொதிநீரில் கலக்கிக் கொடுத்தாள். முதல் சில தடவை பிள்ளை குடித்தது. அதன் கண்ணில் வெளிச்சம் வந்தது. பிறகு ஒருநாள் முகத்தைச் சுளித்துத் துப்பியது. கசக்குதும்மா என்றது. எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஊற்றினாள், அப்படியே கக்கியது. வடிவு அழுதபடி அந்தப் பாலைத் தானே குடித்தாள். நனைந்த பிஸ்கட்டையும் தின்றாள். மற்றவர்கள் விழுந்துகொண்டிருக்க அவளால் எழுந்து நடக்க முடிந்தது அதனால்தான்.

பஸ் ஓடவில்லை. கங்கைகொண்டானுக்கு அந்தப் பக்கம் சாலையை அடைத்து, யாரையும் விடவில்லை. அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தத் தடுப்புவரை போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

கோமு வீட்டுச் சோற்றைத் தின்றாள். தட்டில் போடப் போட. வடிவு தடுக்கவில்லை. பசியோடு போகிற உயிர் ருசியோடாவது போகட்டும் என்று விட்டுவிட்டாள். தினமும் சாயங்காலம் அந்த மெலிந்த கையைத் தன் விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பாள். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போகும்.

ஒரு நாள் தாண்டவில்லை.

அவள் நம்பவில்லை. அடுத்த நாளும் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் தொடவே இல்லை. கோமுவின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கால்கள் உருண்டிருந்தன. குளிப்பாட்டும்போது தோல் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. தெருவில் ஓடினாள். கிரேஸின் மகளும் வெளியே வந்திருந்தாள், எதிர்வீட்டுப் பையனும் வந்திருந்தான். மூன்று பேரும் மழைத்தண்ணீரில் குதித்தார்கள், கொழுகொழுவென்று, பெரியவர்கள் நடமாட்டமே அற்றுப்போன அந்தத் தெருவில். கிரேஸ் பல நாளாகக் கதவைத் திறக்கவில்லை. வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் உடம்பு ஏதோ வழியைக் கண்டுபிடித்துவிட்டது. அவள் கட்டிய சங்கிலியை ஜெயித்துவிட்டது. அம்மையின் சாவுக்குப் பிறகு சாமியே கும்பிடாதவள் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பால்மா தீர்ந்துபோனது. அவளால் எழுந்து நிற்க முடியாமல் ஆயிற்று.

கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். மின்சாரம் நின்று வெகுநாளாகிவிட்டது. அந்திக் கருக்கலில் மழை இறங்கி, ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் சாம்பலாகத் தரையில் கிடந்தது. காலி டப்பாக்கள். தண்ணீர்ச் செம்பு. வெளியே பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது, பிறகு நின்றது. ஈரக் கால்கள் தரையில் பதிந்து பதிந்து வந்தன. கோமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குனிந்து அம்மாவின் கழுத்தருகில் மூக்கை வைத்து இழுத்தாள். விலகினாள்.

“நீ ஏன்மா இப்படி நாறுத?”

வடிவு சிரிக்கப் பார்த்தாள். குளிக்கவில்லை என்று சொல்ல வந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. கையை நீட்டிப் பிள்ளையை இழுத்து மேலே சாய்த்துக்கொண்டாள். என்ன கனம். என்ன சூடு. ஈரத் தலையின் வாசத்தைத் தேடினாள். சதகுப்பை. பரவாயில்லை. என்ன வாசமாக இருந்தால் என்ன. பிள்ளை உயிரோடு இருக்கிறது. அந்தச் சூட்டில் முகத்தைப் புதைத்து, கோமு கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து செய்வதைப்போல, பிள்ளையின் நெஞ்சில் இடப்பக்கம் காதை வைத்தாள்.

மழைச் சத்தம் கேட்டது.

இன்னும் அழுத்தினாள். தன் காதுக்குள் தன் ரத்தம் தட்டுவது கேட்டது. வேறு எதுவும் இல்லை. மூச்சு ஏறி இறங்கியது. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. அமைதி. வெறும் சதை.

காதை நகர்த்தினாள். நடு நெஞ்சு. இன்னும் நகர்த்தினாள்.

வலப்பக்கம்.

அங்கே அடித்தது. திடமாக. நிதானமாக. வயிறு நிறைந்த ஒரு உயிரின் துடிப்பு.

வடிவு தலையைத் தூக்கினாள். கோமு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கண்கள். அதே இமை முடிகள். முகத்தில் எல்லாம் சரியாக இருந்தது, எதிலுமே கை வைத்துக் காட்ட முடியாது, இருந்தும் ஏதோ பொருந்தவில்லை. பத்து மாதம் சுமந்த உடம்பு அதைச் சொன்னது. கையை உதறி விலகப் பார்த்தாள். கை எழவில்லை.

பிள்ளை குனிந்தது. அம்மா செய்ததைப்போலவே அம்மாவின் நெஞ்சில் காதை வைத்தது. வலப்பக்கம். கவனமாகக் கேட்டது. கொஞ்சம் நகர்த்திக் கேட்டது. அந்தப் பக்கத்திலேயே.

“இங்கன சத்தமே இல்லியே.”

அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. உண்மையான வருத்தம். வாசற்படியைப் பார்த்துத் திரும்பிச் சொன்னது.

“எங்கம்மைக்கும் இல்லட்டி.”

வாசலில் நிழல்கள் நின்றிருந்தன. கிரேஸின் மகள். எதிர்வீட்டுப் பையன். இன்னும் சில. உருண்ட சின்னச் சின்ன உருவங்கள், மழை சொட்டச் சொட்ட, ஒழுங்காக. பைய உள்ளே வந்தார்கள்.

கோமு விரல்களை நீட்டி அம்மாவின் இமைகளைக் கீழே இழுத்து மூடினாள். சூடான விரல்கள். வடிவு கண்ணைத் திறந்தாள். விரல்கள் மறுபடியும் மூடின. பொறுமையாக. திறந்தாள். மூடின.

தாடைக்குக் கீழே துணி வந்தது. தலைக்கு மேலே முடிச்சு இறுகியது. கத்தினாள். பல்லுக்குள்ளேயே நின்றது.

பிறகு காலடியில் ஒரு ஈரக் கை. இரண்டு கை. அவள் பாதங்களைச் சேர்த்து வைத்தன. தலையிலிருந்து அவிழ்த்த ரிப்பன் ஒன்று, வழுவழுவென்று, வலிக்காமல், அவளுடைய கால் பெருவிரல்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தது.